ஒரு கோட்டுக்குள் நாற்பது பேர்

2001-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் எல்லார் மானிட்டர் ஓரத்திலும் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் இரண்டே வரி. ‘யூகே – டீம் ஆர். யூஎஸ் – டீம் இஸ்.’ வாசலில் செருகிய வேப்பிலைக் கொத்து மாதிரி அது எங்களைக் காப்பாற்றும் என்று நம்பினோம்.

சென்னையில் இப்படி ஒரு தொழில் நடப்பது இன்றும் பலருக்குத் தெரியாது. லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளியாகிற எத்தனையோ புத்தகங்களும் ஆய்விதழ்களும் கிண்டி, தரமணி, பெருங்குடி பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் காப்பி எடிட்டிங்கும் டைப்செட்டிங்கும் முடித்துக்கொண்டுதான் அச்சுக்குப் போகின்றன. ஊரில் என் அத்தைக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

“புஸ்தகம் எழுதுறியாடி?”

“இல்லத்த. அவங்க எழுதுறத நான் திருத்துறேன்.”

“யாரு, வெள்ளைக்காரன் எழுதுனதயா? இங்கிலீஷ் அவனுக்கே தெரியாதா?”

அவனுக்குத் தெரியும். சொல்லப்போனால் அவனுக்குத் தெரிந்ததை நான் அழித்துவிட்டு வந்து நின்ற கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊர். பிளஸ் டூ வரை தமிழ் வழி. கூட்டப்பெயர் என்றால் எனக்கு ஆட்டு மந்தை, கற்குவியல், சாவிக்கொத்து. ஒரு மார்க் கேள்வி. ஆங்கிலத்தில் அதே விஷயத்துக்கு ‘கலெக்டிவ் நவுன்’ என்று பெயர் வைத்து, அதற்கு வரும் வினைச்சொல் ஒருமையா பன்மையா என்று ஆளைப் படுத்தி எடுப்பார்கள் என்பது ரென் அண்ட் மார்ட்டின் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த இலக்கணப் புத்தகத்தின் ரென்னும், பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை 1924-இல் எழுதிய ரென்னும் ஒரே ஆள்தான். பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். நாவலை மறந்துவிட்டோம். இலக்கணத்தை இன்னும் விடவில்லை.

அதில் இருக்கும் விதி எளிது. கூட்டத்தை ஒரே பொருளாக நினைத்தால் ஒருமை. கூட்டத்துக்குள் இருக்கும் ஆட்களை நினைத்தால் பன்மை. ஆனால் ‘நினைத்தால்’ என்பதற்குப் பரீட்சையில் மார்க் கிடையாதே? அதனால் வங்கித் தேர்வுக்குப் படிக்கும்போது டியூஷன் மாஸ்டர் குறுக்கு வழி ஒன்று சொல்லிக் கொடுத்தார். ஜூரி என்ற சொல்லுக்குப் பின்னால் ‘டிவைடட்’ என்று கண்ணில் பட்டால் கண்ணை மூடிக்கொண்டு ‘வேர்’ போடு. ‘யுனானிமஸ்’ என்று பட்டால் ‘வாஸ்’ போடு. இந்தியாவில் ஜூரி முறையே கிட்டத்தட்ட ஒழிந்து போயிருந்தது. ஆனால் கேள்வித்தாளில் அந்த ஜூரி வருஷம் தவறாமல் கருத்து வேறுபட்டுக்கொண்டே இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு மஞ்சள் சீட்டு இன்னும் வசதி. நினைக்கவே வேண்டாம். வேலையோடு வரும் ஜாப் ஷீட்டில் யூகே என்றிருக்கிறதா, யூஎஸ் என்றிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் மவுண்ட் ரோடு பக்கம் ஓர் ஆங்கில அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் ‘சார்’தான். கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துப் பென்சிலால் படிப்பார். அந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும்.

“இது பாதி உண்மைம்மா. பாதி உண்மைய நம்புறவன்தான் இந்தத் தொழில்ல நல்லா மாட்டுவான்” என்பார்.

மறு பாதியை அவர்தான் காட்டினார். பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பதிவுகளைப் புரட்டினால் அமைச்சர்கள் ‘த கவர்ன்மென்ட் ஆர்’ என்று பேசுவதைப் பார்க்கலாம். அதே லண்டனில் வெளிவரும் தி எகானமிஸ்ட் பத்திரிகை அரசு, கட்சி, கம்பெனி எல்லாவற்றுக்கும் ஒருமைதான் போடும். பிபிசி செய்திப் பிரிவின் நடைக் கையேடு இன்னும் வேடிக்கை. நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் ஒருமை, விளையாட்டு அணிகளுக்கு மட்டும் பன்மை. ஆனால் அந்த அணியே வியாபார நிறுவனமாகச் செய்தியில் வந்தால் மறுபடி ஒருமை. அதாவது ஒரு கால்பந்து கிளப் சனிக்கிழமை சாயங்காலம் கோல் போட்டால் ‘ஹேவ்’. திங்கள்கிழமை காலையில் கடன் கணக்கை வெளியிட்டால் ‘ஹேஸ்’. ஊர் ஒன்று, சட்டை ஒன்று, பெயர் ஒன்று.

பிரிட்டிஷ் பன்மைக்கும் வேலி உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். ‘திஸ் கமிட்டி ஆர்’ என்று ஒரு லண்டன்காரர் எழுதுவார். ‘தீஸ் கமிட்டி’ என்று கனவிலும் எழுத மாட்டார். அதுபோல ‘தேர் ஆர் எ கமிட்டி’ என்றும் வராது; அந்த இடத்தில் அவரும் ‘தேர் இஸ்’தான். இது எனக்கு விளங்கவே இல்லை. பன்மை என்றால் முழுசாகப் பன்மையாக இருந்து தொலைய வேண்டியதுதானே?

சார் பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்: “கமிட்டி முதல்ல கதவைத் திறந்துகிட்டு ஒண்ணா உள்ள வரணும்மா. உள்ள வரும்போது அது ஒரே ஆளு. வந்து உக்காந்த பிறகுதான் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பிக்கும். ‘தேர் இஸ்’ங்கறது வாசப்படி. வாசப்படியில பிரிய முடியாது.”

இலக்கணப் புத்தகங்களில் இதற்கு நீளமான விளக்கம் இருக்கிறது. சொற்பொருத்தம், பொருட்பொருத்தம், அருகில் இருக்கும் சொல்லின் இழுப்பு என்று மூன்றாகப் பிரித்து, குவர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூலில் விளக்கியிருப்பார்கள். எங்கள் அலுவலக அலமாரியில் அது தலையணை கனத்துக்கு இருந்தது. எனக்கு என்னமோ வாசற்படிதான் நிலைத்தது.

இதெல்லாம் காதில் விழுந்தும் மஞ்சள் சீட்டை நான் கிழிக்கவில்லை. மணிக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு இருக்கும் இடத்தில் பாதி உண்மை மிக உபயோகமான சாமான்.

2004 வாக்கில் ஒரு புத்தகம் வந்தது. தெற்கு வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தைப் பற்றி, அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு முதியவர் எழுதிய நினைவுக் குறிப்பு. அந்தப் பள்ளத்தாக்குகளில் சுரங்கத் தொழிலாளிகள் சேர்ந்து நடத்திய ஆண்கள் பாடகர் குழுக்கள் பேர்போனவை. நாளெல்லாம் பூமிக்கு அடியில் கரி வெட்டிவிட்டு, ராத்திரி தேவாலயத்திலோ தொழிலாளர் மன்றத்திலோ கூடி நான்கு குரலில் பாடுவார்கள். இவரும் அப்படி ஒரு கொயரில் இருந்தவர். புத்தகம் முழுக்க அந்தக் கொயர்தான். வெளியிட்டது அமெரிக்கப் பதிப்பகம். ஜாப் ஷீட்டில் யூஎஸ்.

முதியவர் எல்லாவற்றுக்கும் பன்மை எழுதியிருந்தார். கொயர் வேர். ஃபேமிலி வேர். யூனியன் வேர். ஓரிடத்தில் கிராமமே ‘வேர்’. நான் என்ன செய்தேன், ஒவ்வொரு ‘வேர்’ஐயும் வேரோடு பிடுங்கி ‘வாஸ்’ நட்டேன். ஃபைண்ட் கொடுத்து, ஒவ்வொன்றாக நின்று, மாற்றி, அடுத்தது. வினையை மாற்றினால் பின்னால் வரும் ‘தேர்’ஐ ‘இட்ஸ்’ ஆக்க வேண்டும் அல்லவா? அதையும் விடாமல் ஆக்கினேன். வினை ஒருமையாகவும் சுட்டுப்பெயர் பன்மையாகவும் ஒரே வாக்கியத்தில் நிற்பதுதான் புது எடிட்டர்கள் விடும் தவறு. நான் விடவில்லை. அன்றைக்கு எனக்கு என் மேலேயே நல்ல அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வயதான ஆசிரியர்களுக்கு டிராக் சேஞ்சஸ் தெரிய காகிதத்தில் அச்சிட்டு கூரியரில் அனுப்புவார்கள். அவர்கள் பேனாவால் பதில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அதன் நகல் எங்கள் மேஜைக்கு வரும். மூன்று வாரம் கழித்து வந்தது. உறையைப் பிரித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் நீல மையில் ஒரே சொல். ஸ்டெட். ஸ்டெட். ஸ்டெட்.

ஸ்டெட் என்பது லத்தீன். ‘இருந்தபடியே இருக்கட்டும்’ என்று அர்த்தம். எடிட்டர் செய்த மாற்றத்தை ரத்து செய்ய, அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளி வைத்து ஓரத்தில் இதை எழுத வேண்டும். ஒரு புத்தகத்தில் நாலைந்து ஸ்டெட் வருவது சகஜம். எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்று. அவர் சலிக்காமல் ஒவ்வொரு ‘வேர்’க்கும் கீழே நான்கு நான்கு புள்ளி வைத்திருந்தார்.

ஓரிடத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார். அவருடைய மூல வாக்கியம் இது: ‘த கொயர் வேர் கோல்ட் அண்ட் கெப்ட் தேர் கோட்ஸ் ஆன்.’ பனிக்காலத்தில் எங்கோ வெளியூரில் பாடப் போன இடம். கணப்பு இல்லாத மண்டபம். குளிரில் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. என் கைவண்ணத்தில் அது இப்படி ஆகியிருந்தது: ‘த கொயர் வாஸ் கோல்ட் அண்ட் கெப்ட் இட்ஸ் கோட் ஆன்.’ ஒருமைக்கு ஏற்ப கோட்டையும் ஒன்றாக்கியிருக்கிறேன். அதன் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்: ஒரே கோட்டா? நாங்கள் நாற்பது பேர் இருந்தோம்.

கோபமாக எழுதியதா, சிரித்துக்கொண்டே எழுதியதா என்று எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “நாப்பது பேரையும் ஒரு கோட்டுக்குள்ள அடைச்சிட்டியேம்மா” என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏசி குளிர்கிறதா என்று கேட்பார்.

இது ஒரு பக்கம். அந்த வேலைக்கு எரர் ஸ்கோர் போட்ட தரப் பரிசோதகர், ஸ்டெட் ஆன அறுபத்தொரு இடத்தையும் ‘விதிப்படி சரியாகச் செய்தது’ என்று விட்டுவிட்டு, நான் தெரியாமல் மாற்ற மறந்து தப்பித்த மூன்று ‘வேர்’க்கு மட்டும் மூன்று புள்ளி வெட்டினார். அந்த மாத ஊக்கத்தொகை போனது. அதாவது முழுப் புத்தகத்தில் நான் ஒழுங்காக விட்டுவைத்த மூன்றே மூன்று இடங்களுக்குத்தான் எனக்குத் தண்டனை. இன்று வரை இதை நினைத்தால் வயிறு எரியும்.

ஆனால் எனக்கு அப்போதும் ஒன்று புரியவில்லை. ‘விதியை மீறுகிறோம், ஆசிரியர் விருப்பம், சரி’ என்று ஸ்டைல் ஷீட்டில் எழுதிவிட்டுப் போய்விடலாம். அப்படித்தான் எழுதினேன்: ‘கொயர் – பன்மை வினை, புத்தகம் முழுவதும், ஆசிரியர் விருப்பப்படி.’ ஆனால் அந்த மனிதர் எதைப் பார்த்து ‘வேர்’ போடுகிறார்? என் காதில் ‘கொயர் வேர்’ என்பது பிசகிய சுருதி மாதிரிதான் கேட்டது. அவர் காதில் ‘கொயர் வாஸ்’ அப்படிக் கேட்டிருக்கிறது. ஏன்?

பதில் எங்கள் கட்டட வாட்ச்மேனிடம் கிடைத்தது. ஒருநாள் காலை ஷிஃப்டுக்கு வந்தபோது வாசலில் வண்டிகள் தாறுமாறாகத் தள்ளி நிறுத்தியிருந்தன. என்ன அண்ணா என்றேன்.

“நைட்டு போலீஸ் வந்துச்சும்மா. ரோட்டுல நின்ன வண்டிய எல்லாம் உள்ள எடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

லிஃப்டில் ஏறிய பிறகுதான் உறைத்தது. போலீஸ் வந்துச்சு. போயிட்டாங்க. இரண்டு வாக்கியம் முடிவதற்குள் அஃறிணை ஒருமை உயர்திணைப் பன்மையாகிவிட்டது. அவர் தடுமாறவில்லை, எனக்கும் தடுமாறவில்லை. வரும்போது போலீஸ் ஒரு சமாச்சாரம். வண்டியை எடு என்று லத்தியைத் தட்டிச் சொல்லும்போது அவர்கள் ஆட்கள். நாமும் தினம் இப்படித்தான் பேசுகிறோம். கல்யாண வீட்டில் ‘சனம் நிறைய வந்துச்சு, எல்லாரும் சாப்பிட்டுத்தான் போனாங்க’ என்போம். சாரின் வாசற்படியேதான்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் சொன்னேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வெள்ளைக்காரனிடம் மாட்டிக்கொண்ட கதையை ரசித்துக் கேட்டுவிட்டு, “தொல்காப்பியன் உனக்கு இதைச் சொல்லி வச்சிட்டுத்தான் போனான், நீ படிக்கல” என்றார். சொல்லதிகாரத்தில் முதல் இயல், கிளவியாக்கம். அங்கே ஒரு நூற்பாவில் பதினெட்டுச் சொற்களைப் பட்டியல் போட்டிருக்கிறார். மக்களைக் குறிக்கும் சொற்கள்தான். பொருளால் உயர்திணை. ஆனால் முடிபு மட்டும் அஃறிணை போல நடக்கும் என்கிறார். அந்தப் பட்டியலில் விருந்து இருக்கிறது, குழவி இருக்கிறது. பெரியப்பா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் குழு இருந்தது. அரசும் இருந்தது.

விருந்து வந்தது. குழந்தை அழுதது. குழு கூடியது. அரசு அறிவித்தது. இன்றைய தினசரியை எடுத்தாலும் ‘அரசு அறிவித்துள்ளது’ என்றுதான் இருக்கும். ‘அரசு அறிவித்துள்ளனர்’ என்று எழுதினால் எந்தத் தமிழ் உதவி ஆசிரியரும் விட மாட்டார். லண்டன் அமைச்சர் ‘கவர்ன்மென்ட் ஆர்’ என்பது எனக்குச் சுருதி பிசகியதற்குக் காரணம் ரென் அண்ட் மார்ட்டின் இல்லை போலிருக்கிறது. அது அதற்கும் வெகு நாள் முந்திய பழக்கம்.

அப்படியானால் தமிழில் அந்த நாற்பது பேரை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டை தாண்டியும் இதே யோசனை. ‘பாடகர் குழு குளிரில் நடுங்கியது, தன் கோட்டைக் கழற்றவில்லை.’ தமிழிலும் அபத்தம்தான். நான் செய்த அதே அபத்தம். சரியாக எழுத வேண்டுமென்றால்? ‘பாடகர் குழுவினர் குளிரில் நடுங்கினார்கள், கோட்டைக் கழற்றவில்லை.’

குழுவினர். அங்கேதான் இருந்தது.

நாம் வினையைத் தொடுவதே இல்லை. பெயரிலேயே வேலையை முடித்துவிடுகிறோம். குழு என்றால் ஒன்று. குழுவினர் என்றால் உள்ளே இருக்கும் ஆட்கள். அணி வென்றது, அணியினர் ஓய்வெடுத்தனர். குடும்பம் சிதறியது, குடும்பத்தினர் அழுதனர். போலீஸ், போலீசார். ஆங்கிலத்தில் கொயர் என்ற சொல்லுக்கு ஒட்டி வைக்க ‘இனர்’ கிடையாது. அதனால் பிரிட்டிஷ்காரர் அதைக் கொண்டுபோய் வினையில் வைக்கிறார். அந்த வேல்ஸ் முதியவர் புத்தகம் முழுக்க ‘குழுவினர்’ என்றே எழுதியிருக்கிறார். நான் அறுபத்தொரு இடத்தில் ‘இனர்’ஐ வெட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து இருபது வருஷமாக இது என் ரகசியத் தராசு. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் போட்டுப் பார்ப்பேன். நாக்கு தானாகக் ‘குழுவினர்’ என்று போனால் பிரிட்டிஷ் பிரதியில் ‘வேர்’ இருக்கட்டும். ‘குழு’ என்றே நின்றால் ‘வாஸ்’. பிபிசியின் இரட்டை விதியும் இதில் அடங்கிவிடுகிறது. கோல் போட்டது அணியினர். கடன் பட்டது அணி. அமெரிக்கப் பிரதியாக இருந்து, நாக்கு ‘இனர்’ என்றால் வினையைத் தொடாமல் ‘மெம்பர்ஸ் ஆஃப்’ என்று இரண்டு சொல் முன்னால் சேர்ப்பேன். அமெரிக்கர்களுடைய ‘இனர்’ அதுதான். இதை வாடிக்கையாளர்களிடம் சொன்னதில்லை. உங்கள் ஆங்கிலத்தை நான் தமிழில் போட்டுத்தான் எடை பார்க்கிறேன் என்றால் யார் வேலை கொடுப்பார்கள்?

அமெரிக்கர்கள் ஏதோ ஒருமையில் உறுதியானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மயாமியின் கூடைப்பந்து அணிக்கு ‘ஹீட்’ என்று பெயர். ஏபி செய்தி நிறுவனத்தின் கையேடு ‘மயாமி ஹீட் ஆர்’ என்று பன்மை போடச் சொல்கிறது. அணியின் பெயருக்கு உருவத்தில் பன்மை இல்லாவிட்டாலும் அப்படித்தான். வெப்பம் என்ற சொல்லுக்குப் பன்மை! ‘கப்பிள்’ என்றால் இரண்டு பேர் என்பதால் அதற்கும் அவர்கள் பன்மைதான் சொல்கிறார்கள். இல்லையென்றால் தம்பதி கல்யாணம் செய்துகொண்டு ‘அது’ தேனிலவுக்குப் போகும்.

அவர்கள் நாட்டின் பெயரே ஒரு காலத்தில் பன்மை. 1787-இல் எழுதிய அரசியல் சாசனத்தில், யுனைடெட் ஸ்டேட்ஸுக்கு எதிரான துரோகம் எது என்று சொல்லும் பிரிவில் நாட்டைக் குறிக்க ‘தெம்’ என்றே வரும். உள்நாட்டுப் போர் முடிந்ததும் ‘ஆர்’ போய் ‘இஸ்’ வந்துவிட்டது, மாநிலங்கள் ஒரே நாடாகிவிட்டன என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போர் முடிந்த அதே 1865-இல் ஏற்கப்பட்ட, அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தத்தில் இன்னும் ‘தேர்’தான் இருக்கிறது. பழக்கம் மெல்லத்தான் மாறியது. ஒரு அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தில் பழைய கடிதங்களில் இருந்த ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆர்’ஐ எல்லாம் திருத்தப்போன பையன் ஒருவனைக் கடைசி நிமிஷத்தில் தடுத்திருக்கிறேன். மேற்கோளுக்குள் கை வைக்காதே என்பது பால பாடம். ஆனால் வேகம் யாரைத்தான் விட்டது?

அறிவியல் இதழ்களில் இந்தத் தலைவலி குறைவு. அங்கே கூட்டம் என்றால் எண்ணும் அளவும்தான். ஐந்து மில்லிலிட்டர் ஊற்றினால் ‘வாஸ்’, ஏனென்றால் ஊற்றியது ஒரு அளவு. நாமும் ‘ஐந்து லிட்டர் ஊற்றப்பட்டது’ என்றுதானே சொல்கிறோம். ‘எ நம்பர் ஆஃப்’ வந்தால் பன்மை, ‘த நம்பர் ஆஃப்’ வந்தால் ஒருமை. இதில் தராசு தேவையில்லை. டேட்டாவுக்கு மட்டும் ‘ஆர்’ஆ ‘இஸ்’ஆ என்று இதழுக்கு இதழ் சண்டை. அந்தச் சண்டையில் எனக்கு அக்கறை வந்ததே இல்லை. இதழ் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்துவிடுவேன்.

சாருக்கென்று ஒரு ஒளிவிடம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாக்கியத்தில் இரண்டு பக்கமும் இடித்தால் அவர் வினையின் காலத்தை மாற்றிவிடுவார். ஆங்கிலத்தில் ‘வாஸ்-வேர்’ தவிர மற்ற இறந்தகால வினைகளில் ஒருமை பன்மை தெரியாது. கமிட்டி டிசைடட். கமிட்டி வென்ட். யார் கேட்பது? ‘வில்’, ‘ஷல்’ வந்தாலும் அப்படியே. நம் அரசியல் சாசனத்தின் 75-ஆம் பிரிவை ஒருமுறை படித்துக் காட்டினார். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்று சொல்லும் இடம். கூட்டுப் பொறுப்பு என்றால் ஒரு ஆளா பல ஆளா? அந்த வாக்கியத்தின் வினை ‘ஷல் பி’. “பாத்தியா, கேள்வி வர்றதுக்கே இடம் வைக்கல” என்று சந்தோஷப்பட்டார். சட்டம் எழுதுகிறவர்களுக்கு ‘ஷல்’ பிடிப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல மனம் வரவில்லை. சார் இப்போது இல்லை. அவருடைய ஸ்கேல் என் மேஜையில் இருக்கிறது. சென்டிமீட்டர் பக்கம் அழிந்துவிட்டது.

வேலையும் மாறிவிட்டது. முன்பு வேர்டில் பச்சை நெளிகோடு வரும், பிறகு நீலக் கோடு வந்தது, இப்போது கோடே வருவதற்கு முன்னால் மென்பொருள் மாற்றிக் கொடுத்துவிடுகிறது. ஒருமை என்று செட்டிங்கில் வைத்தால் நாற்பது பேரையும் ஒரு நொடியில் ஒரு கோட்டுக்குள் தள்ளிவிடும். எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆன வேலை.

2016-இல் அந்த வேல்ஸ் புத்தகம் திரும்ப வந்தது. இரண்டாம் பதிப்பு. கடைசியில் ஒரு புது அத்தியாயம் சேர்த்திருந்தார். 1984 மார்ச்சில் தொடங்கி ஒரு வருஷம் நீடித்த சுரங்க வேலைநிறுத்தம், தோற்றுப்போய் வேலைக்குத் திரும்பியது, அதன் பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்ட சுரங்கங்கள், ஊரை விட்டுப் போன இளைஞர்கள். பழைய ஸ்டைல் ஷீட்டும் கூடவே வந்திருந்தது. என் பெயருக்கு நேரே அதே வரி: கொயர் – பன்மை வினை, புத்தகம் முழுவதும்.

புதுப் பையன் ஒருவன் அந்த அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருவண்ணாமலைப் பக்கம். அவனும் தமிழ் வழிதான். என் இடத்துக்கு லேப்டாப்போடு வந்து நின்றான்.

“மேம், ஒரு இன்கன்சிஸ்டன்ஸி. எல்லா இடத்துலயும் கொயருக்கு ‘வேர்’ போட்டிருக்காரு. இங்க ஒரே ஒரு இடத்துல ‘வாஸ்’. டைப்போன்னு நெனக்கிறேன். ‘வேர்’னு மாத்திடவா? உங்க ஸ்டைல் ஷீட்ல த்ரூஅவுட்னு இருக்கு.”

வாங்கிப் பார்த்தேன். ஆட்கள் குறைந்து, பியானோவை விற்று, சில வருஷம் இழுத்துப் பிடித்து நடத்திவிட்டுக் கடைசியில் ஒரு சிறிய வாக்கியம். ‘த கொயர் வாஸ் வூண்ட் அப்.’

“இதைத் தமிழ்ல சொல்லு” என்றேன்.

அவன் விழித்தான். “தமிழ்லயா மேம்?”

“சும்மா சொல்லுப்பா.”

“குழு… கலைக்கப்பட்டது.”

“குழுவினர்னு போட்டுப் பாரு.”

வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். தலையை ஆட்டினான். “வரல மேம்.”

“அவருக்கும் வரல” என்றேன். அந்த ‘வாஸ்’ஐ அப்படியே விடச் சொல்லி லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு ஸ்டைல் ஷீட்டைத் திறந்து, என் பழைய வரியில் ‘புத்தகம் முழுவதும்’ என்பதை மட்டும் அடித்தேன்.